தனக்குத் தானே ஒத்தை என்று பேர் வைத்தவன்

அவன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வான் என்பதற்காக அல்ல. எழுதாவிட்டால்தான் கோபித்துக்கொள்வான். "என்னாடா மாப்ள, எங்கதைய எழுதிட்டு எம்பேரையே காணம்?" என்று உடனே ஃபோன் வரும். வரட்டும். அவனவன் கதையை அவனவன்தான் சொல்ல வேண்டும் என்பது அவனே போட்ட சட்டம். அதன்படி நான் சொல்வது என் கதை. அதில் பாதிக்கு மேல் அவன் வந்து உட்கார்ந்துகொண்டால் நான் என்ன செய்வது?

நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணையும் நிலக்கரியையும் சுமந்து கொண்டு மைல் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளின் பராமரிப்பில், காண்ட்ராக்ட் ஆளாக நான் சேர்ந்த புதிது. ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் தகரக் கொட்டகையில் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். தினம் ஒருவர் முறை வைத்துப் பாதுகாப்பைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும். "ஹெல்மெட் போடுங்க, ஷூ போடுங்க, பெல்ட் ஓடுறப்ப கைய வைக்காதீங்க" என்று கொட்டாவிக்கு நடுவே சொல்லிவிட்டு நகர்வதுதான் எல்லோருக்கும் வழக்கம். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் 'நியர் மிஸ்' சொல்வார்கள். நடக்க இருந்து நூலிழையில் தப்பிய விபத்துக்குச் சுரங்கத்தில் அப்படித்தான் பெயர். இன்னார் தலைக்குப் பக்கத்தில் ஸ்பானர் விழுந்தது, இன்னார் சட்டை ரோலரில் மாட்டப் பார்த்தது என்று சொன்னால் மற்றவர்கள் உஷாராக இருப்பார்கள்.

அன்றைக்கு அவன் முறை. ஒல்லியான ஆள். என் வயதுதான், இருபத்தைந்து இருக்கும். தலையில் முடி அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. புருவம்கூட அரைகுறையாக இருந்தது. நான் அவனை ஏதோ வேண்டுதலுக்கு மொட்டை போட்டவன் என்று நினைத்தேன்.

"நான் ஒரு நியர் மிஸ் சொல்றங்க" என்று தொடங்கினான். "பெல்ட்ல இல்ல, எங்கிட்டயே. எனக்கு ரெண்டு கொட்டை இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான் இருக்குது. இன்னொண்ணுல கேன்சர் வந்து எடுத்துட்டாங்க. வயித்துக்குள்ளயும் பரவிடுச்சின்னு ஊசி போட்டாங்க, முடியெல்லாம் கொட்டிப்போச்சு. பொழைச்சிக்கினு வந்து நிக்கிறேன். நம்ம வயசுப் பசங்களுக்குத்தான் இது ஜாஸ்தி வருமாம். குளிக்கிறப்ப சுடுதண்ணி ஊத்திக்கினு, ஒண்ணொண்ணா வெரலால உருட்டிப் பாருங்க. ஒண்ணு கொஞ்சம் பெருசா, கொஞ்சம் எறங்கினாப்ல இருக்கும், அது சகஜம். பின்னால மெத்துனு ஒரு நரம்புச் சுருள் மாதிரி இருக்கும், அதுவும் சகஜம். கல்லாட்டம் எதாச்சும் தட்டுப்பட்டா, வலிக்கலியேன்னு வுட்டுடாதீங்க. எனக்கும் வலிக்கல. அவ்ளோதாங்க. ஹெல்மெட் போடுங்க."

ஃபோர்மேன் கூரைத் தகரத்தை எண்ணுவதுபோல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும், "எந்தப் பக்கம்டா?" என்றது. "எடது பக்கம். நம்பிக்கை இல்லன்னா காட்றேன்" என்று இடுப்பு பெல்ட்டில் கை வைத்தான். அத்தனை பேரும் ஒரே குரலில் "வேணாம்!" என்று கத்தினோம். அந்தக் கொட்டகையில் எல்லோரும் ஒற்றுமையாக ஒரு விஷயத்தைச் சொன்னது அன்றைக்குத்தான்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நான் வளர்ந்த விதம் அப்படி. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸ் கொல்லையில் ஜட்டியைக் காயப்போட்டால் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார் அம்மா. சூரியன்கூடத் துண்டு வழியாகத்தான் அதைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன் காதில் இப்படி ஒரு சொற்பொழிவு விழுந்தால் எப்படி இருக்கும்?

ஃபோர்மேன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அதட்டத் தெரியாதவர். "ஏம்பா, இதெல்லாம் பேசுற எடமா இது? தலைக்கு, கண்ணுக்கு, கையிக்குப் பேசு. யாரும் வேணாங்கல."

"தலைக்கு ஹெல்மெட் குடுத்துட்டீங்க சார். கண்ணுக்குக் கண்ணாடி, கையிக்கு கிளவுஸ் எல்லாம் குடுத்துட்டீங்க. அதுக்கு மட்டும் ஒண்ணும் குடுக்கல. அதான் வாயாலயாவது குடுக்கலாம்னு."

ஃபோர்மேன் அடுத்த தடவை அவன் முறை வந்தபோது ஏதோ வேலை இருப்பதுபோல் கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். ஆனால் காது கேட்கிற தூரத்தில்தான் நின்றார்.

'ஒத்தை' என்று அவனுக்குப் பேர் வைத்தது நாங்கள் இல்லை. அவனேதான். மந்தாரக்குப்பம் டீக்கடையில் போய், "ஒத்தைக்கு ஒரு டீ" என்பான். கடைக்காரர் ஒரு டீதானே என்று போட்டுக் கொடுப்பார். அவர் கேட்காமலே அதற்குக் காரணத்தையும் சொல்லிவிடுவான். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். "அடுத்தவன் வச்சா அது பட்டப்பேரு மாப்ள. நானே வச்சிக்கினா அது எம்பேரு. எவன் என்னாத்த பண்ணுவான்?" என்பான். எனக்கு அந்தத் தைரியம் பிடித்திருந்தது. ஆனால் அவனோடு டீக்கடைக்குப் போவதற்கு மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது.

எங்கள் ஊரில் எந்த வியாதி வந்தாலும் முதலில் 'சூடு' என்றுதான் பேர். கண்ணில் பீளை தள்ளினால் சூடு, நீர்க்கடுப்பு வந்தால் சூடு, காரணமில்லாமல் கோபம் வந்தால் அதுவும் சூடு. ஒரு பக்கம் சுரங்கம், மறுபக்கம் அனல் மின் நிலையம், மேலே வெயில் என்று இருக்கும்போது சூட்டின் மேல் பழி போடுவது சுலபம். எல்லா வீட்டிலும் விளக்கெண்ணெய் பாட்டில் ஒன்று இருக்கும். தொப்புளிலும் கால் கட்டைவிரல் நகத்திலும் ஒரு சொட்டு வைத்தால் உடம்பு குளிர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. சாதாரணச் சூட்டுக்கு அதில் கெடுதல் ஒன்றுமில்லை.

அவனும் அப்படித்தான் ஏமாந்திருக்கிறான். கட்டி இருப்பது தெரிந்தும் வீட்டில் "ஒடம்பு சூடா இருக்குதும்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அவன் அம்மா சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துவிட்டு, இளநீர் வாங்கிக் கொடுத்து, வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்து, கோடை முழுக்கக் குளிர வைத்திருக்கிறார். முதுகு வலி வந்து எழுந்திருக்க முடியாமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான்.

"எண்ணெய் மேல தப்பே இல்ல மாப்ள" என்பான். "நான் சூடுன்னு பொய் சொன்னேன். எண்ணெய் அத நம்பிக்கினு அது வேலைய அது செஞ்சிச்சு. எங்கம்மாவும் நம்பிச்சு. பாவம், வூட்ல இருந்த எல்லாரும் இல்லாத வியாதிக்கு வைத்தியம் பாத்துக்கினு இருந்தாங்க."

வேலையிலும் அவனுக்கு இதே நினைப்புதான். பெல்ட்டைத் தாங்கி உருளும் ரோலர்களைப் பார்த்துக்கொண்டே நாங்கள் இரண்டிரண்டு பேராக நடப்போம்; என் ஜோடி அவன். கெட்டுப்போன ரோலர் கிறீச்சென்று கத்தும், யாருக்கும் தெரியும். கெடப்போகிற ரோலர் சத்தமே போடாது, சூடு மட்டும் ஏறும். அதற்கென்று கொடுத்திருக்கும் கருவியைப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். மற்றவர்கள் கத்துகிறதை மாற்றிவிட்டுப் போவார்கள். இவன் சும்மா இருக்கிறதையெல்லாம் பார்த்துக்கொண்டே வருவான். அதனால் எங்கள் இரண்டு பேர் வேலை எப்போதும் மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான் முடியும். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு அவனைத் திட்டிய நாட்கள் உண்டு.

சாயங்காலம் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் மைதானத்தில் பையன்கள் வாலிபால் ஆடுவார்கள். ஆட்டம் முடியும் நேரம் பார்த்துப் போய் உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவான். பாதிப் பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஓடுகிறவர்களைப் பார்த்து, "டேய், வூட்டுக்குப் போயி குளிக்கிறப்ப பாருங்கடா!" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்துவான். ஒருநாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்த அம்மா ஒருவர், அர்ச்சனைத் தட்டும் கையுமாக நின்று அவனைப் பிடித்துக் கிழித்துவிட்டார். "பொம்பளைங்க நடமாடுற தெருவுல என்ன பேச்சுங்க இது? வெக்கமா இல்ல?" இவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டான்.

மறுவாரம் அதே அம்மா இவனைத் தேடி வந்தார். அவர் மகனே ஓடினவர்களில் ஒருவன். ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறான், ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது. எந்த டாக்டரிடம் போவது என்று கேட்டார், குரலை இறக்கி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு. இவன் அழைத்துப் போனான். ஸ்கேனில் பார்த்தால் வெறும் நீர் கோத்த ஓதம். எங்கள் பக்கம் சாதாரணமாக வருகிறதுதான், உயிருக்குப் பயமில்லை. நான்கூட, "தேவையில்லாம அந்தப் பையன பயமுறுத்திட்டியேடா" என்றேன். "தண்ணின்னு தெரிஞ்சிக்கினானா இல்லியா? இனிமே நிம்மதியாத் தூங்குவான். தெரியாம தூங்குறது தூக்கமாடா?" என்றான்.

இத்தனையும் பார்த்துவிட்டு அவனை ஓட்டைவாய் என்று முடிவு கட்டியவர்கள் அநேகம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் எங்கள் செக்‌ஷனில் மூத்த ஆபரேட்டர் ஒருவர் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அருகில் இருந்தது இவன் மட்டும்தான். அவரைச் சமாதானம் பண்ணி, முகம் கழுவ வைத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தான். நாங்கள் மொய்த்துக்கொண்டோம். என்ன விஷயம், வீட்டில் சண்டையா, பிள்ளை ஏதாவது பண்ணிவிட்டானா? "அத அவரக் கேளுங்க" என்றான். டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம், வடையும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். வடையைத் தின்றுவிட்டு, "அத அவரக் கேளுங்க" என்றான். அவர் ஏன் அழுதார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தன் கதையைத் தவிர வேறு யார் கதையும் அவன் வாயிலிருந்து வராது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பெண் பார்க்கப் போன இடங்களிலும் அந்த வாய்தான் அவனுக்கு வில்லன். பஜ்ஜி தட்டு வருவதற்கு முன்பே, முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். கேன்சர் வந்தது, போனது, ஒன்றை எடுத்தாகிவிட்டது, டாக்டர் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்கிறார், குழந்தை பிறக்குமா என்று டெஸ்ட் எடுத்தாயிற்று, பிறக்க வாய்ப்பு இருக்கிறதாம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னால் யார் பஜ்ஜி கொடுப்பார்கள்? அவன் அம்மா தலையில் அடித்துக்கொள்வார். "மொதல்ல பொண்ணு வெளிய வரட்டும்டா, அப்பால சொல்லித் தொலைடா!"

திருவதிகையில் ஒரு வீட்டில் மட்டும் பஜ்ஜி வந்தது. பெண்ணின் அப்பா பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருப்பவர். பெண் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். இவன் கொட்டித் தீர்த்ததும் அப்பா முகம் இறுகிவிட்டதாம். அந்தப் பெண்தான் உள்ளே இருந்து, "இப்பவும் செக்கப்புக்குப் போறீங்களா? ஒழுங்காப் போவணும்" என்றாளாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "கேட்டியா மாப்ள, 'ஒழுங்காப் போவணும்'னு சொல்லுது. யாராச்சும் பொண்ணு பாக்க வந்தவன் கிட்ட அப்பிடிச் சொல்லுமா?" ஒரு மாதம் வரை இதையே சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அப்பாவும் டாக்டரை நேரில் பார்த்துக் கேட்டுவிட்டு, ஒருவழியாகத் தலையாட்டினார். ஐப்பசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

எனக்கும் அப்போது கோவில்பட்டியில் பெண் நிச்சயமாகியிருந்தது. ஆவணியில் கல்யாணம்.

வைகாசி வெயிலில் ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து குளிக்கும்போது, அவன் சொன்னது ஞாபகம் வந்து விளையாட்டாகப் பார்த்தேன். வலது பக்கம் பட்டாணி மாதிரி ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அமுக்கினால் வலிக்கவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு வந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே நின்றேன். அம்மா வெளியிலிருந்து, "ஏல, டாங்கி காலியாயிரும்லே" என்று சத்தம் போட்டார்.

அத்தனை நாள் அவன் பேச்சைக் கேட்டவன், மறுநாளே டாக்டரிடம் ஓடியிருப்பேன் என்று நினைப்பீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்தேன். தொப்புளிலும் நகத்திலும் வைத்துக்கொண்டு படுத்தேன். அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "கல்யாணம்னதும் பிள்ளைக்கு ஒடம்பப் பாத்துக்கணும்னு புத்தி வந்துட்டு பாருங்க" என்று அப்பாவிடம் சொன்னார்.

ஒரு வாரம் எண்ணெய் வைத்தேன். பட்டாணி அப்படியே இருந்தது. யாரிடம் சொல்வது? அவனைத் தவிர யாரையும் தெரியாது. ரோலர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது, சுற்றிலும் யாரும் இல்லாத இடத்தில் சொன்னேன். நடந்துகொண்டிருந்தவன் நின்றான்.

"எத்தினி நாளா?"

"ஒரு வாரம்."

"எண்ணெய் வச்சியா?"

என் கை தானாகப் போய்த் தொப்புளை மூடியது. முதுகில் ஓங்கி ஒரு அறை விழுந்தது. அப்புறம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "நான் கோடை பூரா வச்சேன். நீ ஒரு வாரத்துல வந்துட்ட. பொழைச்ச போ."

"ஒத்தை, யாருக்கும் தெரிய வேணாம்டா. ஆவணியில கல்யாணம். பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா..."

"எங்கதைன்னா நான் மைக்கு வச்சிப் பேசுவேன். இது உங்கதை. நீ சொல்லு, சொல்லாம இரு, அது உம்பாடு. எங்கிட்டருந்து போவாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா சொல்லிடுறது நல்லதுடா" என்றான். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

நல்லவேளையாக அக்கா பிரசவத்துக்கு அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போயிருந்தார்கள். ஃபோர்மேனிடம், "எனக்கு செக்கப்பு, தொணைக்கு இவன் வரான்" என்று அவனே லீவு கேட்டான். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. பார்த்தது ஒரு பெண் டாக்டர். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். சந்தேகம் பலமாக இருக்கிறது, எடுத்துவிட வேண்டும், கட்டி இன்னும் வெளியே பரவின மாதிரி தெரியவில்லை என்றார். "நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. ஒண்ணு போதும், கல்யாணம் குழந்தை எல்லாம் ஆகும். பயப்படாதீங்க" என்றார். அடிவயிற்றில் ஓரமாகக் கீறி எடுத்தார்கள். அதன் பிறகு எனக்கு ஊசி மருந்து தேவைப்படவில்லை. விடாமல் வந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். வீட்டுக்கு ஃபோன் பண்ணி, குடலிறக்கத்துக்குச் சின்னதாக ஒரு ஆபரேஷன், அக்காவை விட்டுவிட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கீறல் இருந்த இடம் அந்தப் பொய்க்குச் சரியாகப் பொருந்தியது. ஃபோர்மேனிடம் மட்டும், நானும் அக்கா பிரசவத்துக்கு அப்படியே ஊருக்குப் போகிறேன் என்று ஃபோனில் லீவை நீட்டிக்கொண்டேன்.

அவன்தான் எனக்குக் கஞ்சி ஊற்றினான், கழிப்பறைக்குத் தாங்கிக்கொண்டு போனான், வார்டில் உள்ளவர்களையெல்லாம் சிநேகம் பிடித்தான். மருந்து வாங்கும் வரிசையில் நின்று வழக்கம்போல் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தான். அந்த வரிசையில் எங்கள் செக்‌ஷன் ஆள் ஒருவரின் மைத்துனர் இருந்திருக்கிறார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

குணமாகி வேலைக்குத் திரும்பிய அன்று ஃபோர்மேன் என்னிடம் வந்தார். "பாவம்யா அவன். இன்னொண்ணுலயும் வந்துடுச்சாமே? அந்தத் திருவதிகை சம்மந்தமும் வுட்டுப்போச்சாம். நீ கூடத்தான போன, டாக்டர் என்னா சொன்னாரு?"

அவனைத் தேடிக்கொண்டு பெல்ட் ஓரமாக நடந்தேன், வேகமாக நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும். அவன் ரோலர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"என்னாத்த?"

"அந்தப் பொண்ணு வீட்ல வேணாம்னுட்டாங்களாமே. ஒனக்கு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பொண்ணோட அப்பா ஆளு வுட்டுக் கேட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போனது நெசந்தாங்கன்னேன். 'எனக்கு இல்ல'ன்னு சொன்னா அடுத்த கேள்வி என்னா? 'அப்ப யாருக்கு?' போனது ரெண்டே பேரு. நான் சொல்லவே வேணாம், அவங்களே புரிஞ்சிக்குவாங்க." குனிந்து அடுத்த ரோலரைப் பார்த்தான். "உன் கல்யாணம் முடியட்டும்டா. அப்பால பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு வேற எடம் பாத்துட்டா?"

ஏற்கெனவே பார்த்து முடித்த ரோலரிலேயே கருவியை மறுபடியும் வைத்தான். அவன் கண்ணைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் பண்ருட்டிக்குப் பஸ் ஏறினேன். சீசன் உச்சத்தில் இருந்தது. மண்டி வாசலில் லாரியிலிருந்து பலாப்பழம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் ஒவ்வொரு பழமாகத் தட்டிப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் அவன் சிநேகிதன் என்றதும், தூது வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கையை ஆட்டினார். "வாணாம் தம்பி. ஒரு தரம் வந்து போச்சுன்னா சரி. திரும்பத் திரும்ப வர்றதுன்னா, பொண்ணப் பெத்தவன் நான் என்னா செய்யட்டும்?"

"அவனுக்கு வரலீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. லாரிச் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்? "இன்னா?" என்றார். மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினேன். "அவனுக்கு வரலீங்க! எனக்குத்தான் வந்துச்சு! எனக்குத்தான் ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க! அவன் தொணைக்கு வந்தான்!"

பழம் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். என் வாழ்க்கையில் நான் அதை முதன்முதலாகச் சொன்ன இடம் பண்ருட்டி பலா மண்டி. பெரியவர் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தார். "நான் ஆளு வுட்டுக் கேட்டனேய்யா. அப்பவும் வாயத் தொறக்கலியே அந்தப் புள்ள" என்றார். தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "வண்டியில ஏறு. இத நீயே எம்பொண்ணு கிட்ட வந்து சொல்லு" என்றார்.

திருவதிகையில் அவர்கள் வீடு. கடை வார விடுமுறை என்பதால் அவள் வீட்டில் இருந்தாள். காப்பி டம்ளரை என் முன்னால் வைத்தாள். நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் தடவை கொஞ்சம் சுலபமாக இருந்தது. நான் முடிக்கும் முன்பே அவள் அப்பா பக்கம் திரும்பிவிட்டாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன்லப்பா? அவருக்குத் திரும்பி வந்திருந்தா மொத ஆளா எனக்குத்தான் ஃபோனு வந்திருக்கும். வேணாம்னாலும் வுட மாட்டாரு, ஊரக் கூட்டிச் சொல்லுவாரு. அவரு சும்மா இருக்காருன்னா அது அவரோடது இல்ல. சொன்னேனா இல்லியா?" அவளுக்குக் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?"

"ஆவணியில."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

நான் டம்ளரைப் பார்த்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டாள். "மொதல்ல அதுக்கு ஃபோன் போடுங்க. போட்டுட்டு வந்து காப்பி குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெரியவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கும் என்று தெரிந்தும் குரலை இறக்காமல், கோவில்பட்டிக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவன் சொல்கிற அதே வார்த்தையில். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. என் கல்யாணம் அந்தத் தெருவோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்புறம், "இப்ப வலிக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"கீறல் ஆறிட்டா? பொய் சொல்லாதீங்க."

"ஆறிட்டு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம... ஆஸ்பத்திரியில யாரு உங்களப் பாத்துக்கிட்டது?"

அவன் பெயரைச் சொன்னேன்.

"அவங்க சம்சாரத்துகிட்ட நான் ஒரு வார்த்த பேசணுமே. இத்தன நாளு அவங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சிருக்காங்களே."

"அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல" என்றேன்.

பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். காப்பி டம்ளரை நீட்டியபடி அந்தப் பெண் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஐப்பசியில ஆவப்போவுதுன்னு சொல்லுங்க" என்றாள்.